பூங்காவனத்தின் மூடிய கை

மாரியம்மன் கோயில் சூடத்தை அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம், பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம், பொழுது விடிந்தும் விடியாத பனி. முள்வேலிக் கதவருகே பால்வெட்டுக்காரி பஞ்சாலை தன் நான்கு வயது மகள் பூங்காவனத்தை இடுப்பில் சுமந்து நிற்கிறாள். வேலியைத் தாண்டி ஓர் அரிசி போனாலும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று சிறையில் தள்ளுவார்கள். பிறந்ததிலிருந்து எதையும் பிடித்தறியாத குழந்தையின் வலக்கை இன்று இறுக மூடியிருக்கிறது. விரலுக்குப் பலம் வரட்டும் என்று பிள்ளைக் கொட்டகை ஆயா சொன்னபடி, கிளம்புமுன் முறத்து அரிசியைப் பொறுக்கவிட்டது பஞ்சாலைதான்.

"கைய தொறக்க சொல்லுலா," என்கிறார் காவலர் வீரமுத்து.

"அதுக்குத் தொறக்கத் தெரியாதுங்கய்யா. மூடுனதே இன்னிக்குத்தான்."

வீரமுத்து இழுக்கிறார். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் சுண்டுவிரல்கூட அசையவில்லை. நான்காமவர் ஜீப்பிலிருந்து கயிறு எடுக்கப் போகிறார். அப்போது குழந்தை தானாகவே கையை விரித்து, அதிலிருந்த ஒற்றை அரிசியை மறுகையின் இரண்டு விரலால் பிடித்தெடுத்து, வீரமுத்துவின் உள்ளங்கையில் வைக்கிறது. அவர் பஞ்சாலையைப் பார்க்கிறார். தன் கையை மூடிக்கொள்கிறார்.

அந்தத் தோட்டத்துக்கு முதன்முதலாக முள்வேலி வந்தது பூங்காவனத்தின் பேரன் பள்ளிக்கூடம் போன வருஷம், அதுவும் மாடு நுழையாமல் இருக்க.