தாங்காத ஃபியூஸ்

தனராசு தன் கைப்பட ஒரு சின்ன விமானம் கட்டினார். அதில் முகப்பு விளக்குக்குப் போகும் வயர், ஒரு தகரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டே கிடந்தது. பறக்கும்போதெல்லாம் மேலுறை தேய்ந்தது. இதைப் போய் எப்படிச் சொல்வது என்று வயர் பேசாமல் இருந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் தரையிறங்கும் நேரத்தில், உள்ளிருந்த செம்பு தகரத்தில் பட்டுவிட்டது. மின்சாரம் தறிகெட்டுப் பாய, வயர் கொதித்தது. அதை ஒட்டித்தான் பெட்ரோல் குழாய் போனது.

"ஐயோ, சுடுதே!" என்று வயர் அலறியது.

"நான் அறுந்துடறேன்," என்றது அந்த வயரின் தொடக்கத்தில் இருந்த ஃபியூஸ்.

"வேணாம்! தரை வந்துடுச்சு, கொஞ்சம் தாங்கிக்கோ!" என்று விளக்கு கெஞ்சியது.

ஃபியூஸ் உருகி அறுந்தது. விளக்கு அணைந்தது. மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில் தனராசு தட்டுத்தடுமாறி இறக்கினார்.

மறுநாள் மூடியைத் திறந்தவர், கருகிய வயரையும் பக்கத்திலிருந்த குழாயையும் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு வயரைச் சரிசெய்து, விளிம்புக்கு ரப்பர் வைத்து, புது ஃபியூஸ் செருகினார்.

எரியத் தொடங்கியதும் விளக்கு புதியவனிடம் சொன்னது: "முன்னால இருந்தவன் சுத்த சோதா. நீயாவது தாங்குவியா?"

"இவன்கிட்ட அதை மட்டும் கேக்காதே. முன்னவன் தாங்கியிருந்தா பெட்ரோல் பத்தியிருக்கும்," என்றது வயர். "இனிமே உரசினா நானே முதல்ல சொல்லிடறேன்."