இரண்டு குப்பி, ஒரே மண்

"திருடுறதையும் திருடிட்டு, நேருக்கு நேரா நின்னு பேச்சு வேறயா?"

ஆய்வுக்கூடத்து மேசையை ஓங்கி அறைந்தார் தேயிலைத் தோட்ட முதலாளி. மேசைமேல் இருந்த கண்ணாடிக் குப்பிகள் இரண்டும் குலுங்கின. ஒன்றில் இருந்தது, பரிசு வாங்கிய அவருடைய சிறப்புத் தேயிலை. மற்றொன்றில் இருந்தது, ஓடைக்கு அப்பால் அரை ஏக்கர் வைத்திருக்கும் பெண் தன் கையாலேயே உருட்டி, உலர்த்தி, சந்தையில் விற்ற தேயிலை. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே மணம்.

"யாருங்க திருடி? நான் வெச்ச செடி, நான் பறிச்ச கொழுந்து. ரெண்டு வருஷமா விளைச்சலே பாதிதான். அதையும் திருட்டுன்னு சொன்னா வயிறு எரியுது!"

அவள் தன் குப்பியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். 

"அப்போ என் தேயிலையோட வாசனை உன் டப்பாவுக்குள்ள தானா நடந்து வந்துச்சா?"

"ஓடையில முழங்கால் தண்ணிதானே, தாண்டி வந்திருக்கும்!"

"இந்தத் திமிருக்கே உன்னை போலீஸ்ல ஒப்படைக்கிறேன் பாரு. அப்புறம் எந்தக் கடைக்காரன் உன்கிட்ட வாங்குறான்னு பார்க்கிறேன்."

கடைகள் கைவிட்டால் அந்த அரை ஏக்கரும் அவள் கையைவிட்டுப் போய்விடும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

முதலாளியின் பின்னால் நின்றிருந்த மைத்துனர் தொண்டையைச் செருமினார். "விட்டுடலாம் அத்தான். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுத் தனியா அல்லாடுறாங்க. கண்டிச்சு அனுப்பிடுவோம், போதும்."

"உன்னோட இளகின மனசு இருக்கே மச்சான், அதாலதான் இவங்களுக்கெல்லாம் குளிர்விட்டுப் போச்சு! பனி காயறதுக்குள்ள நீயே போய் நின்னு பறிச்சு அனுப்புற கொழுந்துய்யா அது!"

"உங்க இரக்கம் எனக்கு வேண்டாங்க," என்று மைத்துனரிடம் வெடித்தாள் அவள். "மேடம், ரிப்போர்ட்டைப் படிங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்துப் பெண் ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வேர் மண்ணுலேருந்து எடுக்குற தாதுக்கள் இலையில தங்கிடும். உருட்டினாலும் போகாது, காயவெச்சாலும் போகாது. ஓடைக்கு ஒரு பக்கம் செம்மண், இன்னொரு பக்கம் கரும்பாறை மண். எங்க ஆளுங்களே ரெண்டு தோட்டத்துலயும் மண் எடுத்து, இலையோட ஒத்துப்பார்த்தாங்க."

"பாடமெல்லாம் அப்புறம் நடத்துங்க. முடிவைச் சொல்லுங்க!"

"ரெண்டு குப்பியில இருக்குறதும் ஒரே தோட்டத்து இலைதான்."

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கேட்டியா? காது குளிரக் கேட்டியா?"

அவள் முகம் வெளுத்தது. "பொய்! மெஷின்கூடப் பணக்காரங்க பக்கம்தானா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க மேடம், ரெண்டும் என் மண்ணுல விளைஞ்சதுன்னு!"

ஆய்வாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்படி எழுத முடியாது சார். ரெண்டுமே இந்தம்மாவோட மண்ணுல விளைஞ்சது."

முதலாளி மெல்லத் திரும்பினார். சிறப்புத் தேயிலைக்கென்று இரண்டு ஆண்டுகளாகக் கொழுந்து பறித்து அனுப்பிவந்த மைத்துனர், வாசலில் குனிந்து அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.