கை எட்டும் உயரம்

மகள் வளர வளர அவளது படுக்கையறை விளக்கும் சுவரில் மேலே ஏறுகிறது. விளக்கு அவள் கைக்கு எட்ட வேண்டும், தலையில் இடிக்கக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். தரையோரம் முயல் விளக்கு இருந்த இடம், அதற்கு மேல் மஞ்சள் குமிழ் விளக்கு இருந்த இடம் என்று வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்த திட்டுகள் சுவரில் வெளுத்துத் தெரிகின்றன. இன்று படிக்கிற விளக்கு மாட்டுகிறார். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மெத்தைமேல் நீட்டுகிறது. ட்ரில்லிங் மெஷின் ஓய்ந்ததும் அறை காதடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. செங்கல் தூளை ஊதக் குனிந்தவர் அப்படியே நிற்கிறார். காலையில் அவர் மறுபடி அடைத்த முயல் விளக்கின் துளையில், இன்னும் காயாத சிமெண்டில், ஒரு விரல் குடைந்த குழி.

“திரும்பவும் நோண்டிட்டியா? உனக்கு வேற வேலையே இல்லையா?”

“நான் இல்லப்பா.”

வீட்டில் வேறு குழந்தை கிடையாது. அவள் சுண்டுவிரலைப் பிடித்துக் குழியில் வைத்துப் பார்க்கிறார். நுனிகூட நுழையவில்லை. அவள் விரலை விட்டுவிட்டு, புது விளக்கைத் திருகி மாட்டி முடிக்கிறார். மகள் புது விளக்கைப் போட்டு அணைக்கிறாள். பிறகு அவர் காதருகே வந்து, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்துச் சொல்கிறாள்.

“முயல் விளக்கை அங்கேயே மாட்டிடுப்பா. அவனுக்கு இன்னும் அவ்வளவுதான் எட்டுது.”