நாற்பத்தொரு வீடுகள்

செருப்போடு உள்ளே வந்தவனைப் பார்த்து முதலில் முறைத்தவள் சிவரஞ்சனிதான்.

"அண்ணாச்சி, மிஷினுக்குத் தூசி ஆகாது. வெளிய விட்டுட்டு வாங்க."

அவன் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி ஊருக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் கேபிள் கொடுக்கும் சாதிக் பாட்சாவின் கண்ட்ரோல் ரூமில், தன் பாட்டுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாய், நான் முத்துக்குமரன். ராஜபாளையத்துல இருந்து வாரேன். எம் பொண்டாட்டி வெங்கடேஸ்வரியைக் காணோம். பன்னெண்டு நாளாச்சு."

சாதிக் பாட்சா கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். அந்தப் பெண் வன்னியம்பட்டியில், அவருடைய தங்கை நஸீபாவின் வீட்டில்தான் இருக்கிறாள். நஸீபாவோடு மில்லில் வேலை பார்க்கிறவள். வந்த அன்று முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காய்ச்சிய கம்பியால் இழுத்த புண். அடுத்த தடவை அவன் உயிரோடு விடமாட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"போலீஸ்ல சொல்லலாமே தம்பி?"

"அதெல்லாம் பொறவு. புதுசா ஏதோ ஸ்விட்ச் மாட்டுறீயளாம்லா. எந்த வீட்டுல எந்த சேனல் ஓடுதுன்னு அதுல தெரியுமாமே?"

தெரியும். பாழாய்ப்போன அந்த மல்டிகாஸ்ட் செட்டிங்கைப் போடத்தான் மதுரையிலிருந்து கம்பெனி சிவரஞ்சனியை அனுப்பியிருந்தது. காலையில்தான் அவருக்கு விளக்கியிருந்தாள்.

"இம்புட்டு நாளா எல்லா சேனலையும் எல்லா வீட்டுக்கும் கொட்டிக்கிட்டிருந்தீங்க பாய். இனிமே கேக்குற வீட்டுக்கு மட்டும்தான் போகும். யாருக்கு வேணும், யாருக்கு வேணும்னு ஸ்விட்ச் விசாரிச்சுக்கிட்டே இருக்கும். டி.வி. ஓடுற வீடு எனக்குன்னு சொல்லும். அமத்துனா லிஸ்ட்டுல இருந்து அந்தப் பேரு போயிரும்."

இப்போது அவள் முத்துக்குமரனிடம் வெடுக்கென்று கேட்டாள். "அடுத்தவங்க வீட்டு லிஸ்ட்டை உங்களுக்கு எதுக்குக் காட்டணும்?"

"அவளுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. பதினோரு மணிக்குத் தெலுங்கு சேனல்ல பாட்டுக் கேக்காம இருக்க மாட்டா. இப்ப மணி பதினொண்ணு. அது ஓடுற வீட்டையெல்லாம் ஏறி இறங்கிப் பாத்துருதேன். காட்டலைன்னா இந்த ரூமு இருக்காது பாய்."

சத்தம் போடாமல்தான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

கொஞ்சம் ஆறட்டும் என்று சாதிக் பாட்சா எதிர்க்கடைக்குப் போன் போட்டு மூன்று டீ சொன்னார். "ஒண்ணுல சீனி வேண்டாம்னுருங்க பாய்" என்றாள் சிவரஞ்சனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். டீ வந்ததும் சீனியில்லாததை அவன் பக்கம் நகர்த்திவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அவன் மடமடவென்று குடித்தான்.

"லிஸ்ட் வர பத்து நிமிஷம் ஆகும். பேசாம உக்காருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, சாதிக் பாட்சாவை வெளியே அழைத்தாள்.

"பாய், உங்க மூஞ்சியே காட்டிக் குடுக்குது. அந்த அக்கா எங்க இருக்காகன்னு எங்கிட்டகூடச் சொல்லாதீங்க. அந்த வீட்டுல டி.வி.யை மட்டும் உடனே அமத்தச் சொல்லுங்க. லிஸ்ட்டுல வராது."

சாதிக் பாட்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளுக்குக்கூட இந்த யோசனை வராது. அவள் உள்ளே போனதும் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஏட்டி நஸீபா, டி.வி.யை அமத்து. ஏன் எதுக்குன்னு கேக்காத. அந்தப் புள்ளைய உள்ரூமுக்குப் போகச் சொல்லிட்டுக் கதவைப் பூட்டு."

உள்ளே, தெலுங்கு சேனலுக்கு நேராக நாற்பத்தொன்று என்றிருந்த எண் நாற்பதானது. அதையே பார்த்துக்கொண்டிருந்த சிவரஞ்சனி, அப்புறம்தான் மூச்சு விட்டாள். பிரிண்ட் கொடுத்தாள்.

முத்துக்குமரன் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். அந்த விரல் இறங்க இறங்க சாதிக் பாட்சா மனசுக்குள் ஓதிக்கொண்டே நின்றார். நாற்பது பேர். நஸீபாவின் பெயர் இல்லை. அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"நாப்பது வீடும் ஏறி இறங்கட்டும். காலு தேயட்டும் அந்தப் பயலுக்கு!" என்றார் சாதிக் பாட்சா. "ஒரு உசிரைக் காப்பாத்திட்டம்மா. அல்லா ஒன்னைய நல்லா வச்சிருப்பான்."

"அட, போங்க பாய்" என்று சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டாள். பிரியாணி சொல்கிறேன் என்றவரிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெரு முக்கு வரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார் அவர்.

அவர் தலை மறைகிறவரை நின்று பார்த்தாள் சிவரஞ்சனி. பிறகு செல்போனை எடுத்தாள்.

"அண்ணே, லிஸ்ட்டுல இருந்து போன அந்த ஒரு வீடு வன்னியம்பட்டி. மதினி அங்கதான் இருக்கா."