ஊசியா, கேஸா?

காபியை ஆற்றும்போது பாப்பம்மாளுக்கு வயிறு எரிந்தது. காரணம், ஓரகத்தி சரசாத்தாள்.

"ஏனுங்க, வயசானா வர்ற அதே வியாதிதானுங்க ரெண்டு பேருக்கும். விழித்திரைக்குப் பின்னாடி ரத்தக்கசிவு. டாக்டரும் ஒருத்தர்தான். எனக்கு ஊசியப் போட்டு அன்னிக்கே குன்னூர் பஸ் ஏத்திட்டீங்க. உங்க தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் கண்ணுக்குள்ள கேஸ் அடைச்சு வைத்தியமாக்கும்?"

கணவர் லிங்கசாமி பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மகராசி, டாக்டர் சொன்னாருன்னு கோயமுத்தூர்ல மக ஊட்டுல குப்புறப் படுத்துக் கெடக்கறா. இருந்த எடத்துக்குச் சோறு வருது. நான் மறுநாளே இந்தக் குளிர்ல அடுப்படியில நின்னேன்."

"உங்க ரெண்டு பேருக்குமே எந்த வைத்தியம்னாலும் சரின்னுதான் டாக்டர் சொன்னாரு, பாப்பு."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் ஊசி?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கேஸ் கரையற வரைக்கும் மலையேறக் கூடாதாம். ஏறுனா அது விரிஞ்சு கண்ண அழுத்திருமாம். ஒரு மாசம் கீழயே இருக்கோணும்னாரு. நீ இல்லாத ஊட்டுல நான் என்ன பண்றது? ஊசியே போடுங்கன்னுட்டேன்."

பாப்பம்மாளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே வாடியது.

"உங்க தம்பியப் பாருங்க. பொண்டாட்டிக்கு நல்லதுன்னா ஒரு மாசம் இங்க மலையில தனியாக் கெடக்கறாரு. அதுதானுங்க பாசம்."

"நானும் அவங்கூடத்தான் போயிருந்தேன். டாக்டர் ஒரு மாசம்னதும் அவன் ஒரே கேள்விதான் கேட்டான்."

"என்னன்னுங்க?"

"'இதவிட நாள் புடிக்கற கேஸ் இருக்குதுங்களா'ன்னு."