கடைசி ரிப்பேர்

"ஸ்க்ரூ எல்லாம் பத்திரம். கடைசியில ஒண்ணு மிச்சமாச்சுன்னாலும், எனக்குத்தான் கழண்டிருச்சுன்னு உங்க அத்தை சொல்லிடுவாங்க."

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்த லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் மட்டும்தான் வெளியே வந்தது. ஆளில் பாதி காருக்குள், பாதி வெளியே.

"எல்லாத்தையும் பட்டன் டப்பாவுல பிரிச்சுப் போட்டிருக்கேன்," என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி. "ஒவ்வொரு துண்டுலயும் சாக்பீஸ் அடையாளம் வேற. ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கிற மாதிரிதானே. கை எது, கழுத்து எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"இப்ப என் கழுத்து எதுன்னே எனக்குத் தெரியலைங்க."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டார்ச் குலுங்கியது. வெளிச்சம் அவர் மூக்கில் ஒரு தடவை, காதில் ஒரு தடவை விழுந்தது.

வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் இருமினார். சிரிப்பு சட்டென்று நின்றது.

"வாரா வாரம் இந்த ஆளு இங்கேயேதான் கிடக்கிறாரு. அவருக்கு வீடு வாசல் இல்லையாமா?"

வீடு இருந்தது. அதில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். அதுதான் சங்கதி.

அந்தப் பழைய கார் தையல்காரியின் கணவர் ஓட்டியது. அவர் காலமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சிய வீட்டில், கார் ஏனோ திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு வாரம் வைப்பர் வேலை செய்யவில்லை. அடுத்து ஹார்ன் ஊமையானது. அப்புறம் கதவுப் பூட்டு. "கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" என்று அவள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். கிரீஸில் புரளப் போகிற வேலைக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்.

இப்போது முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் தினமும் சொதசொதவென்று ஈரம்.

"ஹீட்டர் கோர் ஒழுகுது," என்று தீர்ப்புச் சொன்னார் அவர். "என்ஜினோட சூட்டுத் தண்ணி ஓடி உள்ளே கதகதப்புத் தருதே, அந்தச் சின்ன ரேடியேட்டர். டாஷ்போர்டையே கழட்டணும். முழு நாள் வேலை."

கெட்ட செய்தி சொல்கிற முகமா அது? கல்யாண வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

ஆனால் இதோடு தீர்ந்தது. அந்தக் காரில் இனிமேல் கெட்டுப்போக எதுவும் பாக்கியில்லை. வந்து நிற்கச் சாக்கும் இல்லை. அதனால் அவர் இன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டே ஆக வேண்டும். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். "நாம சேர்ந்து வாழலாமா?" என்று அவர் கேட்க, மேலே எந்த மாடியிலிருந்தோ "யாரு கூட?" என்று பதில் வந்தது.

மாமியார் மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்காமல் இருந்தால் இந்நேரம் கேட்டிருப்பார்.

மத்தியானத்துக்கு மேல் ஹீட்டர் கோர் ஒரு வழியாக வெளியே வந்தது. ஒரு குழாயை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, இன்னொரு குழாயில் கன்னம் உப்ப ஊதினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஒழுகலையே," என்றார் அசடு வழிய.

"அப்ப ஈரம் எங்கிருந்து வந்துச்சு?"

"அதுதான் புரியலை. இதுக்கும் வயசாச்சு. வாங்கி வந்த புதுசைப் போட்டுடலாம்."

"ஊரையே மாடிக்கு ஏத்தி விடுறாரு," என்றார் மாமியார் வாசலிலிருந்து. "இவரு மட்டும் தரையிலேயே நிக்கிறாரு."

தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் டாஷ்போர்டு ஏறி உட்கார்ந்தது. பட்டன் டப்பா காலி. தண்ணீர் நிரப்பி, என்ஜினை ஓட விட்டு, இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். கதகதவென்று காற்று வந்தது.

"வெயில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

"வந்து... நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வாசலில் நாற்காலி. நாற்காலியில் மாமியார். அவர் ஹீட்டர் குமிழைத் திருகினார்.

"சூடு போதுமா?"

"போதும்."

"வண்டி இனிமே தொந்தரவே தராதுங்க."

"ஓ," என்றாள். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நீங்களும் வர வேண்டியிருக்காது. இருங்க, டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

அவள் உள்ளே போனாள். அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். மாமியார் விரலை மடக்கி அவரைக் கூப்பிட்டார். அவர் ஸ்பேனரும் கையுமாகப் போய் நின்றார்.

"கிட்ட வாப்பா. அவ காதுல விழக் கூடாது," என்றார் மாமியார், அடுக்களைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே. "ஹார்ன் ஒயரை வெட்டினது நான். பூட்டுக்குள்ள ஊசியை ஒடிச்சது நான். ஒரு வாரமா கார்ப்பெட்டுல சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்தினதும் நான்தான். என் பிள்ளை ஓட்டின வண்டிப்பா இது. இன்னும் எதை உடைச்சாத்தான் நீ வாயைத் திறப்பே?"