தலைதீபாவளிக்கு ஒரு கார்

காளிகாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் வேலுச்சாமி, கல்கத்தாவை விட்டுக் கிளம்பியதிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தான். கரக்பூர் தாண்டியதும் வெடித்துவிட்டான்.

"மச்சான், தலைதீபாவளிக்கு சம்பந்தி கார் கேட்டா உடனே தூக்கிக் குடுத்துருவீயளா? புருஷன் அடி தாங்காம உங்க மக கீதாஞ்சலி எஸ்.டி.டி. பூத்துல நின்னு அழுதது மறந்துபோச்சா?"

"மறக்கல மாப்ள." அக்கா புருஷன் பெத்துராஜ் அந்த வெள்ளை கான்டெஸா காரை நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவும் எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி? மாருதி போதாதா?"

"டிக்கி பத்தாதுல்லா."

கீதாஞ்சலியைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன் அவன். அக்காவாவது ஏதாவது சொல்லக்கூடாதா என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். ராமாயி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாம்ஷெட்பூரில் சம்பந்தி வாசலுக்கே வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். "கேட்டதைவிடப் பெருசாவே வாங்கிட்டு வந்துட்டீங்க. சாவிய மாப்பிள்ளைகிட்ட குடுங்க. தலைதீபாவளிக்கு ரெண்டு பேரும் இதுலயே வந்து இறங்குவாங்க."

பெத்துராஜ் அந்தச் சாவியால் டிக்கியைத் திறந்தார். சீர்த்தட்டு ஒன்றுகூட இல்லை. ஒரு கயிற்றுச் சுருள் மட்டும் கிடந்தது.

"இது வாடகை வண்டி சம்பந்தி. நாளைக்குத் திருப்பி விடணும். தலைதீபாவளிக்கு அழைக்கத்தான் வந்தேன், எம்மகள மட்டும். இனி அவ இங்க வரமாட்டா." பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "மாப்ள, உள்ள போயி நாம குடுத்த சாமான எல்லாம் எடுத்துட்டு வா. அண்டாவ முதல்ல ஏத்து."

வேலுச்சாமி அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறியிருந்தான்.